சத்தம் போடாத ஷெட்

லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்தால் நடுவில் எந்த மாடியிலும் நிற்காது. நேராக மொட்டை மாடிதான்.

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டு ஓடுகிறவை. நடுவழியில் மாட்டிக்கொண்டு உள்ளே இருந்து அலறுகிறவர்களிடம், "பயப்படாதீங்க, இதோ திறந்துடறேன்" என்று தேன் ஒழுகப் பேசுவார். அதெல்லாம் சம்பளத்துக்குச் சேர்ந்த பொறுமை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் கூடவே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் முந்தின நாள் பிரித்துப் போட்டிருந்த லிஃப்ட் கதவு மோட்டாரைக் காணவில்லை. மேஜை மேல் புதிதாக ஒரு வெள்ளை விரிப்பு சிரித்துக்கொண்டிருந்தது. வீடெல்லாம் தேடினார். கடைசியில் துணி துவைக்கிற இடத்தில் ஒரு பக்கெட்டுக்குள் மோட்டார் குப்புறக் கிடந்தது. அதன் திருகாணிகள் சோப்பு டப்பாவில் இருந்தன.

"யார் இதை இங்க வெச்சது?"

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஆனாலும் கேட்டார்.

"நான்தான். விரிப்புல கிரீஸ் பட்டுடுச்சு" என்றாள் மனைவி.

"விரிப்பு முக்கியமா, மோட்டார் முக்கியமா?"

"சாப்பிடறப்பவா, மத்த நேரமா?"

"ஹால்ல வெச்சா விருந்தாளி வருவாங்கங்கறே. பெட்ரூம்ல வெச்சா நாத்தங்கறே. வாசல்ல வெச்சா மழைங்கறே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு மூலை உண்டா? ஒரு மூலை! வீட்டுக்கு நாலு மூலை இருக்கே, நாலும் உனக்கா? முடிவு பண்ணிட்டேன். பின்னாடித் தோட்டத்துல ஒரு ஷெட் போடப்போறேன். தகரக் கூரை, தகரக் கதவு, என் பூட்டு, என் சாவி. உள்ள நான் தட்டுவேன், உடைப்பேன், ரேடியோ போடுவேன், தோணினா கத்துவேன். யாரும் கேக்கக் கூடாது!"

கையை ஓங்கி மேஜையில் அடித்தார். வெள்ளை விரிப்பில் ஐந்து விரலும் கிரீஸில் பதிந்தன.

மனைவி அந்த விரல்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"உங்க கோபம் நியாயமானதுதான்" என்றாள்.

அவள் தண்ணீர் சப்ளை அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறவள். காதில் போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், குழாயில் காற்று வருகிறவர்கள், சேறு வருகிறவர்கள், ஒன்றுமே வராதவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து திட்டுவார்கள். அவள் முதலில் சொல்வது இந்த வாக்கியத்தைத்தான். அதைச் சொன்னதும் திட்டுகிறவர்களுக்குப் பாதிக் காற்று இறங்கிவிடும். மீதிக் காற்றை அவள் எந்தப் பக்கம் திருப்புகிறாளோ அந்தப் பக்கம் போவார்கள். இது லிஃப்ட்காரருக்கும் தெரியும். ஆனால் தன் விஷயத்தில் அவள் மனசாரச் சொல்கிறாள் என்று அவர் நம்பிவந்தார்.

"அப்ப கட்டலாங்கறியா?"

"தாராளமாக் கட்டுங்க. ஆனா அனுமதி வாங்கிட்டுக் கட்டுங்க. அனுமதி இல்லாமக் கட்டின ஷெட்டை இடிக்க வந்தவங்க, கூடவே தண்ணிக் குழாயையும் உடைச்சுட்டுப் போயிடறாங்க. அந்தப் புகாரெல்லாம் எனக்குத்தான் வருது."

"என் தோட்டத்துல என் தகரத்தை நான் நிறுத்தறதுக்கு எவன் அனுமதி வேணும்?"

"அதை அங்க போய்க் கேளுங்க" என்றாள்.

கேட்கப் போனார்.

நகர அமைப்புப் பிரிவு நான்காவது மாடியில் இருந்தது. கீழே லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. லிஃப்ட்காரர் அந்தக் கதவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். வேறு கம்பெனி பராமரிக்கிற லிஃப்ட். தானே சரிசெய்யக் கை துறுதுறுத்தது, முடியாது. படியேறினார். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு திட்டு. நான்காவது மாடிக்கு வந்தபோது மூச்சும் இல்லை, திட்டும் இல்லை. கோபம் மட்டும் பத்திரமாக இருந்தது.

கவுன்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"ஷெட் எதுக்கு சார்?"

"வைக்கறதுக்கு."

"எதை?"

"என்னை!"

"ஆள் தங்கறதுன்னா அது குடியிருப்பு. ஒரு மனையில ரெண்டாவது குடியிருப்புன்னா வேற விதி."

"தங்க மாட்டேன்யா. உக்காருவேன்."

"உக்காந்து?"

"தட்டுவேன்."

"தட்டினா பட்டறை. பட்டறைன்னா தொழில் மண்டலத்துல இருக்கணும். உங்க தெரு குடியிருப்பு மண்டலம்."

"நான் தொழிலுக்குத் தட்டலே. ஆசைக்குத் தட்டறேன்."

"ஆசைக்குத் தட்டறதுக்குன்னு தனியா மண்டலம் இல்லையே சார்."

"மண்டலம், மண்டலம்னு என் மண்டையை உடைக்கறியா? வீட்டுக்குள்ள தட்டினா பெண்டாட்டி விடலே, வெளில தட்டினா நீ விடலே. நான் ஆகாயத்துலயா போய்த் தட்டறது?"

"அது விமானப் போக்குவரத்து, சார். எங்க பிரிவு இல்லே."

அவர் நிஜமாகத்தான் சொன்னாரா, கிண்டலா என்பது இன்றுவரை தெரியவில்லை. லிஃப்ட்காரர் விண்ணப்பத்தைப் பிடுங்கி, நாலாக மடித்து, அங்கேயே விட்டெறிந்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மனைவி போனாள். சாயங்காலம் வரும்போது விண்ணப்பம் ஏற்றுக்கொண்டதற்கு ரசீது கொண்டுவந்தாள்.

"எப்படி வாங்கினே?"

"அவரும் பாவம், காலையிலேர்ந்து திட்டு வாங்கிட்டு இருந்தார். கொஞ்ச நேரம் பேசிட்டு இருந்தோம். எதுக்குங்கற இடத்துல 'ஓய்வறை'ன்னு போட்டா விதியில இடம் இருக்குன்னார். போட்டுட்டேன்."

"ஓய்வறையா? நான் என்ன ரயிலுக்கா காத்திருக்கேன்?"

"பேர்ல என்னங்க இருக்கு? உங்களுக்கு வேண்டியது ஷெட்தானே?"

அது நியாயமாகத்தான் பட்டது. போதாததற்கு, தான் கோபப்பட்டு வந்ததால்தான் அந்த ஆள் பயந்து இறங்கி வந்திருக்கிறான் என்று லிஃப்ட்காரர் தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். அன்று இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார்.

அடுத்து வாசல் கேட்டில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். 'இந்த மனையின் பின்புறம் ஓய்வறை அமைக்க உத்தேசம். அண்டை வீட்டார் ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கவும்.'

"கல்யாணத்துக்குக்கூட இப்படிக் கேக்கலியேடி!" என்று கொதித்தார் லிஃப்ட்காரர்.

"கேட்டிருந்தா எங்க தெருவுல நாலு பேர் கை தூக்கியிருப்பாங்க" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டர் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், ஷெட்டாமே?"

"ஆமா. உங்க சுவர்ல கை வைக்க மாட்டேன். பயப்படாதீங்க."

"சுவரைப் பத்திக் கவலையில்லே. காதைப் பத்தித்தான்."

"நாள் பூரா அடுத்தவன் வாயில டிரில் ஓட்டறீங்க. உங்களுக்குக் காது வலிக்குதா?"

"அதனாலதான் சார் வலிக்குது."

லிஃப்ட்காரர் பல்லை நறநறவென்று கடித்தார்.

"கடிக்காதீங்க. எனாமல் தேஞ்சுடும். இப்பவே இடது பக்கம் சத்தம் சரியில்லே" என்றார் டாக்டர்.

அந்த வாரம் மனைவி இரண்டு மூன்று தடவை அந்தச் சுவரோரம் நின்று டாக்டரோடு பேசிக்கொண்டிருந்ததை லிஃப்ட்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தனக்காகத் தூது போகிறாள் என்று நினைத்தார். பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரமே ஆட்சேபணை வந்துவிட்டது. 'மேற்படி ஓய்வறையில் சுத்தியல், டிரில், மோட்டார், ரேடியோ முதலியவற்றின் சத்தமும் உரிமையாளரின் சொந்தக் குரலும் எழும் என அஞ்சுகிறேன்.' இருவரும் வந்து விசாரணையில் சொல்லவேண்டியதைச் சொல்லலாம் என்று நகர அமைப்புப் பிரிவு நாள் குறித்திருந்தது.

லிஃப்ட்காரர் மொட்டை மாடியையும் தாண்டிப் போய்விட்டார்.

"சொந்தக் குரலாம்! என் குரல் என்ன குரைக்குதா? அவன் கிளினிக்குல பிள்ளைங்க போடற கூச்சல் முக்குல இருக்கற கடை வரைக்கும் கேக்குது. அவன் என்னைப் பத்தி எழுதறானா? நாலு பல்லைப் பிடுங்கினா டாக்டர், நான் அவன் பல்லைப் பிடுங்கினா நானும் டாக்டர்!"

"இதோ பாருங்க" என்றாள் மனைவி. "விசாரணையில இப்படிப் பேசாதீங்க. பொறுமையா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. 'பகல்ல கொஞ்ச நேரம் சத்தம் வரும், ராத்திரியில வராது, பக்கத்துல இருக்கறவர் பொறுத்துக்கணும்.' அவ்வளவு போதும். கொஞ்சம் பணிஞ்சு போங்க."

"பணியறதா? நானா? அந்தப் பல்லுக்கா?"

"டாக்டர் சொல்றதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருக்காதீங்க."

"ஒவ்வொண்ணுக்கும் சொல்லுவேன்!"

"உங்க இஷ்டம்" என்றாள் மனைவி. பெருமூச்சுகூட விட்டாள்.

விசாரணை நடந்தது ஒரு சின்ன அறையில். ஒரு மேஜை, நாலு நாற்காலி, தலைக்கு மேல் கிறீச்சிடும் மின்விசிறி. ஆய்வாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் டாக்டர். இந்தப் பக்கம் படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்காத லிஃப்ட்காரர். அவர் பின்னால் மனைவி.

"சுத்தியல் சத்தம் வரும்னு சொல்றார். என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் ஆய்வாளர் அம்மா.

பகலில் கொஞ்சம் வரும் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டர் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார்.

"வராது!" என்றார் லிஃப்ட்காரர்.

"டிரில்?"

"வராது! டிரில் அவர்தான் வெச்சிருக்கார்."

"மோட்டார் ஓட்டுவாராம் அம்மா" என்றார் டாக்டர். "லிஃப்ட் மோட்டார். எங்க வீட்டு அலமாரியில பாத்திரமெல்லாம் ஆடும்."

"ஓட்ட மாட்டேன்! மோட்டார் இருந்தாத்தானே ஓடும்? அத்தனையையும் கம்பெனிப் பட்டறைக்குக் கொண்டுபோயிடறேன். உங்க பாத்திரம் நிம்மதியாத் தூங்கட்டும்!"

மனைவி பின்னாலிருந்து அவர் சட்டையை மெல்ல இழுத்தாள். "போதுங்க" என்று கிசுகிசுத்தாள்.

போதும் என்ற வார்த்தையைக் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர்.

"நீ சும்மா இரு! இவருக்கு இன்னிக்கு நான் யாருன்னு காட்டறேன்."

"ரேடியோ?" என்றார் ஆய்வாளர் அம்மா, எழுதிக்கொண்டே.

"கிடையாது!"

"ஷெட்டுல தட்ட மாட்டார், சரி" என்றார் டாக்டர். "வீட்டுக்குள்ள உக்காந்து தட்டினா? அதுவும் எனக்குக் கேக்குமே."

"என் மனையிலேயே தட்ட மாட்டேன்யா! ஷெட்டு, ஹாலு, வாசல், மாடி, எங்கயும்! நாளையிலேர்ந்து என் மனையில ஒரு குண்டூசி விழற சத்தம் உங்க காதுக்குக் கேட்டா, என் ஷெட்டை நானே இடிச்சுக்கறேன். எழுதிக்குங்க அம்மா! வரிக்கு வரி எழுதிக்குங்க!"

"எழுதிட்டேன்" என்றார் ஆய்வாளர் அம்மா. "கடைசியா ஒண்ணு. உரத்த குரல்னு போட்டிருக்கார்."

"ஷெட்டுக்குள்ள நான் வாயே திறக்க மாட்டேன்!" என்று அந்த அறையின் ஜன்னல் கண்ணாடி அதிரக் கத்தினார் லிஃப்ட்காரர்.

டாக்டர் எழுந்து நின்று கைகூப்பினார். "எனக்கு இனி ஆட்சேபணை இல்லைம்மா."

எதிரி சரணடைந்துவிட்டான்! நான்கு மாடியும் இறங்கி வந்தபோது லிஃப்ட்காரருக்குக் கால் தரையில் படவில்லை. "பார்த்தியா? ஒவ்வொண்ணுக்கும் பதில் குடுத்தேன். வாயடைச்சுப் போயிட்டான்" என்றார். "நீ என்னமோ பணியச் சொன்னியே!"

"நான் சொன்னதை நீங்க எப்பக் கேட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

அனுமதி வந்தது. கட்டுமான வேலை முடிகிறவரை சத்தத்துக்கு விலக்கு என்று அதில் இருந்தது. லிஃப்ட்காரர் அந்த விலக்கை ஆசைதீர அனுபவித்தார். தானே கம்பம் நட்டார். தானே கூரை போட்டார். டாக்டர் வீட்டுப் பக்கம் நின்று தேவையில்லாமல்கூட நாலு அடி அடித்தார். மனைவி இடையிடையே வந்து யோசனை சொன்னாள்.

"மேற்கே ஒரு ஜன்னல் வெச்சா நல்லா இருக்கும். சாயங்கால வெயில் விழும்."

"எனக்கு எதுக்கு வெயில்? சரி, வெச்சுத் தொலைக்கறேன்."

"தகரச் சுவருக்கு உள்பக்கம் தடிமனா ஏதாவது அடிச்சுடுங்களேன். சத்தம் வெளியே போச்சுன்னு டாக்டர் திரும்பவும் கிளம்பிடப் போறார்."

அது அருமையான யோசனையாகப் பட்டது. நாலு சுவருக்கும் கூரைக்கும் தடித்த நுரைப்பலகை அடித்தார். கதவு இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினார். லிஃப்ட் கதவு மாதிரியே ஓசைப்படாமல் மூடிக்கொண்டது. உள்ளே நின்றால் தன் மூச்சே தனக்குக் கேட்டது. தன் கைவேலையில் தானே மயங்கிப்போய் அவர் அங்கே ஐந்து நிமிடம் நின்றார்.

வேலை முடிந்தது என்று ஆய்வாளர் அம்மா வந்து பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே லிஃப்ட்காரர் தன் கருவிப் பெட்டியோடு, கதவு மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். ஷெட் வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"இதெல்லாம் எங்கே கொண்டுபோறீங்க?"

"உள்ளே. வேற எங்கே?"

"மோட்டார் எல்லாத்தையும் கம்பெனிப் பட்டறைக்குக் கொண்டுபோறேன்னு சொல்லியிருக்கீங்களே."

"அது அவனுக்குச் சொன்னது!"

"எழுதிக்குங்க, வரிக்கு வரி எழுதிக்குங்கன்னீங்க. எழுதிட்டாங்க. அனுமதியோட நிபந்தனையே அதுதான். சுத்தியல் கூடாது, டிரில் கூடாது, மோட்டார் கூடாது, ரேடியோ கூடாது. இந்த மனைக்கே பொருந்தும்னு போட்டிருக்கு."

'மனைக்கே பொருந்தும்' என்றிருக்கிறது. நடுவில் ஒரு 'வி' சேர்த்து 'மனைவிக்கே' என்று படித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அப்போதுதான் லிஃப்ட்காரருக்குத் தோன்றியது. தோள் வலித்தது. மோட்டாரை இறக்கி வைத்தார்.

"அப்ப நான் எங்க தட்டறது?"

"பட்டறையில தட்டிட்டு வாங்க. வேணாங்கலே."

"இந்த ஷெட்டு?"

"ஓய்வறை" என்று திருத்தினாள் மனைவி. கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே ஏற்கெனவே ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. ஒரு சின்ன மேஜை. ஒரு தண்ணீர்ச் செம்பு. மேற்கு ஜன்னலில் பூப்போட்ட திரை. சாயங்கால வெயில் அதன் வழியாக நாற்காலி மேல் அழகாக விழுந்திருந்தது.

லிஃப்ட்காரருக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. உள்ளே பாய்ந்தார்.

"அந்தப் பல் டாக்டருக்கு லிஸ்டு போட்டுக் குடுத்தது நீதானா?"

"அவர் என்னென்ன சத்தம் வரும்னு கேட்டார். பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"எனக்கு எதிராச் சதி பண்ணிட்டு, விசாரணையில வந்து என் சட்டையை வேற இழுத்தியா?"

"போதும்னுதான் இழுத்தேன். பகல்ல கொஞ்சம் சத்தம் வரும்னு சொல்லச் சொன்னேன். அதைச் சொல்லியிருந்தீங்கன்னா இந்நேரம் நீங்க உள்ளே தட்டிட்டு இருப்பீங்க. நான் தலையெழுத்தேன்னு கேட்டுட்டு இருப்பேன். சொன்னேனா இல்லியா?"

சொன்னாள். அதை மறுக்க வழியில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்தார், இன்னும் பெரிதாகக் கத்தத்தான் திறந்தார்.

மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். முதல் தடவையாக அவள் குரலிலும் சூடு இருந்தது.

"காலையில போனை எடுத்தா சாயங்காலம் வைக்கற வரைக்கும் ஊர்ல இருக்கற கோபமெல்லாம் என் காதுலதான் விழுது. தண்ணி வரலேன்னா நான் என்ன மேகமா? எல்லாருக்கும் நியாயமான கோபம்தான். நான் ஒருத்திதான் கோபப்படக் கூடாது. பட்டா வேலை போயிடும். வீட்டுக்கு வந்தா நீங்க. சுத்தியல் ஒரு பக்கம், ரேடியோ ஒரு பக்கம், எல்லாத்துக்கும் மேல உங்க தொண்டை. உங்களுக்கு ஒரு மூலை இல்லேன்னு மேஜையை அடிச்சீங்க. எனக்கு எங்க இருக்குன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? நான் எந்த மேஜையை அடிக்கறது?"

நுரைப்பலகை அடித்த சுவர்கள் அந்தப் பேச்சு முழுவதையும் குடித்துவிட்டன. லிஃப்ட்காரருக்குக் கோபம் குறையவில்லை, யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. டாக்டர் மேல் வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. ஆய்வாளர் அம்மா மேல் வைத்துப் பார்த்தார், வழுக்கியது.

மனைவி சாய்வு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கண்ணை மூடினாள். முகத்தில் வெயில் விழுந்தது. அந்த முகத்தை இவ்வளவு நிம்மதியாக அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் மெல்லத் திரும்பிக் கதவுப் பக்கம் நடந்தார்.

"ஏங்க" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

"என்ன?"

"உள்ளே கொஞ்சம் புழுக்கமா இருக்கு. ஒரு ஃபேன் மாட்டிக் குடுங்களேன். சத்தம் வராததாப் பார்த்து."

லிஃப்ட்காரர் நுனிக்காலில் நடந்து போய் ஏணியை எடுத்து வந்தார்.